மெங் பாடின பாட்டு

அந்தப் பாட்டா? அது சீனாக்காரன் பாட்டுங்க தம்பி. உக்காருங்க, எதுக்கு நின்னுட்டே இருக்கறீங்க. டீ சொல்லியிருக்கறேன், வந்துரும். மிஷினை அப்பறம் பாக்கலாம். அது எங்கயும் ஓடிப் போயிராது.

வெள்ளைச்சாமின்னுதான சொன்னீங்க? ஒட்டன்சத்திரத்துப் பக்கம். பத்து வருசம் தறி ஓட்டினவரு. தறி படுத்துப்போச்சு, அதனால இங்க வந்திருக்கறீங்க. எல்லாரும் அப்படித்தானுங்க வர்றாங்க. புள்ளைங்க எத்தனை? ரெண்டும் பொண்ணா? நல்லதுங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு, ஈரோட்டுல கட்டிக் குடுத்தாச்சு.

முன்னால இருந்த ஆளு எதுக்கு நின்னுட்டாருன்னு கேட்டீங்க. சொல்றனுங்க. பாட்டைப் பத்தியும் கேட்டீங்கல்ல, அதை மொதல்ல சொல்லிப்போடறேன். இந்தப் பாட்டும் அந்த மிஷினும் ஒரே ஊருல இருந்துதான் வெள்ளகோயிலுக்கு வந்துச்சு.

நான் பாட்டுக் கேக்கற ஆளே இல்லீங்க. மார்கழி மாசம் கோயில்ல ஸ்பீக்கர் போட்டா, சத்தத்தைக் கொறைக்கச் சொல்லி ஆள் அனுப்புவேன். ஊட்டுக்காரி பூங்கொடி டிவியில பாட்டுப் போட்டி பாத்தான்னா எந்திரிச்சு வாசலுக்கு வந்துருவேன். அப்படிப்பட்ட ஆளு, ஒரு வார்த்தை புரியாத ஊருல போயி, மூணு நாளு, காலையில இருந்து பொழுதோட வரைக்கும் சேரு போட்டு உக்காந்து பாட்டுக் கேட்டனுங்க. அனுபவிச்சுக் கேட்டேன். பூங்கொடிகிட்டக்கூட இதை முழுசாச் சொன்னதில்ல. உங்ககிட்ட ஏன் சொல்றன்னா, நீங்க வந்ததும் மொதல்ல பாட்டைப் பத்தித்தான் கேட்டீங்க. வேற எவனும் கேக்கல.

போன வைகாசிக்கு முந்தின வைகாசி. மிஷின் பாக்கப் போனேன். திருப்பூர்ல பனியன் வெட்டி மிச்சமாகற துண்டுத் துணி இருக்குதுல்ல, அதைப் பிச்சுப் பஞ்சாக்கற மிஷின். அந்தப் பஞ்சுலதான் நம்ம மில்லு ஓடுது. உள்ளார பெரிய உருளை, உருளை பூரா முள்ளு. துணியை வாயில குடுத்தா அந்தப்பக்கம் பஞ்சா வந்து விழுகும். சீனாவுல வடக்குப் பக்கம் ஒரு சின்ன ஊரு, ஊர் பேரு என் வாயில நுழையாது. ஃபேக்டரி ஒண்ணு, லாட்ஜ் ஒண்ணு, நடுவுல ஒரு தெரு, சுத்தியும் கோதுமைக் காடு. அவ்வளவுதான் ஊரு.

எனக்கு மொழி சொல்றதுக்கு ஒரு புள்ளையை விட்டிருந்தாங்க. சீனாப் பேரு வேற, எங்களை மாதிரி ஆளுங்களுக்காக லில்லின்னு வெச்சிருந்துச்சு. நம்ம பொண்ணு வயசுதான் இருக்கும். அது பேசற இங்கிலீசு பாதி எனக்குப் புரியும், நான் பேசறது பாதி அதுக்குப் புரியும். கூட்டிக் கழிச்சு வேலை ஓடுச்சு. போன்ல மொழி மாத்தற வித்தையெல்லாம் அங்க வேலை செய்யலீங்க.

மிஷினை ஓட்டிக் காட்டறதுக்கு ஒரு ஆபரேட்டரு. மெங்னு பேரு. நாப்பது வயசு இருக்கும், உங்க வயசுதான். தலைக்குத் தொப்பி, மூஞ்சிக்கு மாஸ்க், பஞ்சுத் தூசிக்காக. கண்ணு மட்டுந்தான் தெரியும். சட்டைப் பையில இந்தப் பொட்டி இருக்கும். இதாங்க, இந்தச் சிவப்புப் பொட்டிதான். தீப்பெட்டிக் கட்டு அளவு இருந்துட்டு என்ன சத்தம் பாருங்க. இதுல அந்த ஊருக் கூத்துப் பாட்டு ஓடிட்டே இருக்கும். மெங் துணியைக் குடுத்துட்டே கூட முணுமுணுப்பாரு.

மொத நாளு எனக்கு எரிச்சலா இருந்துச்சு. வேலை நேரத்துல என்ன பாட்டுன்னு. ரெண்டாவது நாளு டீ நேரத்துல பக்கத்துல உக்காந்து, பொட்டியை என் பக்கம் திருப்பி வெச்சாரு. ரெண்டே கம்பி போட்ட ஒரு வாத்தியம், இழுத்து இழுத்து வாசிக்கறான். ஒரு பொம்பளை பாடறா. என்ன பாடறா, யாரைப் பாடறா, ஒண்ணும் தெரியாது. ஆனா ஒரு இடத்துல அந்தக் குரலு மேல போயி நின்னுட்டு, இறங்கறதுக்கு மனசே இல்லாம மெல்ல இறங்குச்சுங்க. எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. எங்கம்மா செத்தப்பக்கூட எனக்கு அப்படி ஆகல. என்னை அறியாம தொடையில தாளம் போட்டுட்டிருக்கறேன். மெங் அதைப் பாத்துட்டாரு. மாஸ்க்கைக் கீழ இறக்கி ஒரு சிரிப்பு. மேல் பல்லு ஒண்ணு இல்ல. தாளத்தை நான் தப்பாப் போடறேன்னு என் கையைப் புடிச்சு, இங்க தட்டு, இங்க சும்மா இருன்னு காட்டினாரு. அவருக்கு ஒரு வார்த்தை இங்கிலீசு தெரியாது. எனக்கு ஒரு வார்த்தை சீனம் தெரியாது. ரெண்டு பேரும் சின்னப் புள்ளைங்க மாதிரி தட்டிட்டு உக்காந்திருந்தம். லில்லி போட்டோ எடுத்துச்சு.

இப்ப மிஷின் விசயம். அதுல உருளைக்கு மேல ஒரு கவர் இருக்குது. கவரைத் தூக்கினா மிஷின் தானா நின்னுரும். சென்சார் வெச்சிருக்கறான். துணி சிக்கிக்கிச்சுன்னா கவரைத் திறக்கோணும், உருளை சுத்தி நிக்கற வரைக்கும் நாலு நிமிசம் காத்திருக்கோணும், சிக்கை எடுக்கோணும், மூடி மறுபடி ஓட்டோணும். நம்ம துண்டுத் துணி எப்படீன்னு உங்களுக்கே தெரியும். நாடா, எலாஸ்டிக், பட்டன், எல்லாம் கலந்து வரும். ஒரு நாளைக்கு முப்பது வாட்டி சிக்கும். முப்பது நாலு நூத்தி இருவது நிமிசம். ரெண்டு மணி நேரம் மிஷின் சும்மா நிக்கறதுக்கா நான் கடல் தாண்டிப் போனேன்?

மூணாவது நாள் காலையில லில்லிகிட்டச் சொன்னேன். 'எங்கூருல இப்படியெல்லாம் யாரும் ஓட்டறதில்ல. கவரைக் கழட்டிட்டு ஒரு நாள் முழுசா ஓட்டிக் காட்டச் சொல்லும்மா. அதைப் பாத்துட்டுத்தான் ஆர்டரு.'

ஒரே ஒரு வார்த்தைதானுங்க சொன்னேன். சத்தம் போட்டனா, மிரட்டினனா? ஒண்ணுமில்ல. லில்லி போயி முதலாளிகிட்டச் சொல்லுச்சு. ஷாவ்னு அவரு பேரு. நெத்தியைத் தேச்சுக்கிட்டாரு. அப்பறம் மெங்கைக் கூப்புட்டுச் சொன்னாரு.

மெங் என் பக்கம் திரும்பி, வலது கையைத் தூக்கி அஞ்சு விரலையும் விரிச்சுக் காட்டினாரு. அப்பறம் ஒவ்வொரு விரலா மடக்கினாரு. கடைசியில வெறும் மொட்டைக் கை. அதை என் மூஞ்சிக்கு நேரா நீட்டிட்டு நின்னாரு. நான் என்ன நினைச்சன்னா, கவரைக் கழட்ட அஞ்சு நிமிசம் ஆகும்கறாருன்னு. சரி சரின்னு கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். லில்லி பக்கத்துல இல்ல. இன்னைக்கு வரைக்கும் அதுக்கு வேற அர்த்தம் இருந்துச்சான்னு எனக்கு உறுதியாத் தெரியலீங்க.

கழட்டினாங்க. ஓட்டினாரு. மிஷின் பஞ்சு தள்ளறதைப் பாக்கோணும் நீங்க, ஐப்பசி மழை மாதிரி கொட்டுது. கை உள்ள போகுது, சிக்கை இழுக்குது, வெளிய வருது. பாட்டுக்குத் தக்க மாதிரி போயி வந்துச்சு. மத்தியானம் ஒரு மணி வரைக்கும் பாத்தேன். எனக்கு ஒரே சந்தோசம். சாயங்காலம் வந்து மொத்தப் பஞ்சையும் எடை போட்டுக்கலாம்னு சொல்லிட்டு லாட்ஜுக்குப் போயி, அவங்க குடுத்த சோத்தைத் தின்னுட்டுப் படுத்தேன்.

நாலு மணிக்கு லில்லி கதவைத் தட்டுச்சு. கண்ணு செவந்திருந்துச்சு. காய்ச்சலாம்மான்னு கேட்டேன். தலையை ஆட்டுச்சு. 'சின்னப் பிரச்சினை. மூணு நாளைக்கு மிஷின் ஓடாது. நீங்க ரூம்லயே ரெஸ்ட் எடுங்க, வெளிய போக வேண்டாம்'னு மடமடன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. மோட்டாரு புகைஞ்சிருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். சரக்கு தரமில்லையோன்னு எனக்கு அதுதான் கவலை. நீங்களே சொல்லுங்க, வேற என்ன நினைக்கத் தோணும்?

அடுத்த நாள் காலையில நாயனச் சத்தங்க.

நம்ம நாயனத்துக்குச் சித்தப்பன் மகன் மாதிரி ஒரு வாத்தியம் அவங்ககிட்ட இருக்குது. நீளம் கொறைச்சல், வாய் மட்டும் பித்தளை. ஊதினான்னா அரை மைலுக்குக் கேக்குது. சன்னலைத் திறந்து பாத்தேன். தெருவுல சாமியானாப் பந்தல், கூட்டம், ஜால்ரா, சின்னச் சின்ன கொட்டு. எனக்கு அடக்க முடியல. வெளிய போக வேண்டாம்னுதான் அந்தப் புள்ளை சொல்லுச்சு. ஆனா ரூம்ல என்ன பண்றது? டிவியைப் போட்டா சீனாக்காரன். சன்னலைத் திறந்தா கோதுமைக் காடு. வெள்ளைச் சட்டை வேட்டி ஒரு செட்டு கொண்டு போயிருந்தேன். அதை உடுத்திட்டு இறங்கினேன்.

கல்யாணம்னு நினைச்சுட்டனுங்க. சிரிக்காதீங்க. நம்ம பக்கம் எழவு ஊடுன்னா சங்கு ஊதுவாங்க, தப்பட்டை அடிப்பாங்க. நாயனம் ஊதினா அது கல்யாணம், இல்லீன்னா கோயில் நோம்பி. பொறந்ததுல இருந்து அப்படித்தான கேட்டிருக்கறம்? பந்தலுக்குள்ள போனா, ஒரு ஓரத்துல வரிசையா வெச்சிருக்கறாங்க. வீடு, காரு, ஃபிரிட்ஜு, வாசிங் மிஷினு, குதிரை, எல்லாம் வண்ணக் காகிதத்துல. எனக்கு ஆச்சரியமாப் போச்சு. அட, நம்மூரு மாதிரியே சீர்வரிசை வெக்கறாங்க, ஆனா காகிதத்துல வெச்சுச் செலவை மிச்சம் பண்ணிக்கறாங்க, கெட்டிக்காரங்கன்னு நினைச்சேன்.

வெள்ளைத் துணி உடுத்தியிருந்தாங்களேன்னு கேப்பீங்க. உடுத்தியிருந்தாங்க. நம்ம வேதக்காரங்க சர்ச்சுக் கல்யாணத்துல பொண்ணு வெள்ளைதான கட்டுது? போட்டோ ஒண்ணு வெச்சிருந்தாங்க. அதுக்கு மாலை போடலீங்க. மாலை போட்டிருந்தா எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும். நம்ம ஊருல செத்தவன் படத்துக்கு மாலை இல்லாம வெப்பமா? சின்ன வயசுப் பையன் ஒருத்தன், நல்ல சிரிப்பு, வாய் மூடியிருக்குது. மாப்பிள்ளை படம்னு நினைச்சேன். ஒரு பெரியவரு வந்து என் தோள்ல வெள்ளைத் துண்டு ஒண்ணைப் போட்டாரு. சம்பந்திகளுக்குப் போடற மாதிரி எனக்கும் மரியாதை பண்றாங்கன்னு மனசு குளுந்து போச்சு. முன் வரிசையில சேரு போட்டு உக்கார வெச்சாங்க. சூரியகாந்தி விதை ஒரு தட்டுல, சுடுதண்ணி ஒரு டம்ளர்ல.

பாட்டைச் சொல்லோணுமே. ஒருத்தன் அந்த நாயனத்துல குருவி மாதிரி ஊதினான். ஒரு குருவி கூப்புடுது, ஒரு குருவி பதில் சொல்லுது, காடு பூரா குருவி. கூட்டமே சிரிச்சுது. இன்னொருத்தன் ரெண்டு நாயனத்தை மூக்குல வெச்சு ஊதினான். எழவு ஊட்டுல எவனாச்சும் இப்படி வித்தை காட்டுவானுங்களா? மூங்கில் குழாயைக் கொத்தாக் கட்டி ஒண்ணு வெச்சிருந்தாங்க. அதை ஊதினா, வெயில்ல வந்தவனுக்கு மோரு குடுத்த மாதிரி இருந்துச்சு. நடுவுல ஒரு பொம்பளை மைக்கைப் புடிச்சு அழுது அழுது பாடினா. ஒப்பாரி மாதிரி இருக்குதேன்னு ஒரு நிமிசம் நினைச்சனுங்க. பொய் சொல்லக்கூடாது, நினைச்சேன். உடனே எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். பொண்ணைப் புருசன் ஊட்டுக்கு அனுப்பறாங்க, பெத்தவ அழுகறான்னு.

அப்படியே ரெண்டு நாள். மூணாவது நாள் மத்தியானம் அந்த ரெண்டு கம்பி வாத்தியத்தை எடுத்தான் ஒருத்தன். இழுக்கறான். மெங் பாட்டுங்க! டீ நேரத்துல கேட்ட அதே பாட்டு. அந்தக் குரலு மேல போயி நிக்குமே, அந்த இடத்துல இப்ப கம்பி போயி நிக்குது. எனக்குத் தலைகால் புரியல. எந்திரிச்சு நின்னு சுத்தியும் பாக்கறேன். மெங் எங்க? இவ்வளவு பாட்டு நடக்குது, அந்த மனுசன் வராம இருப்பாரா? ஃபேக்டரி ஆளுங்க நாலஞ்சு பேரு பின்னால நிக்கறாங்க. முதலாளி ஷாவ்கூட நின்னாரு. என்னைப் பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. பக்கத்துல இருந்த பெரியவருகிட்ட, 'மெங்? மெங்?'னு கேட்டேன். தாளம் போட்டுக் காட்டினேன், மாஸ்க் போட்டுக் காட்டினேன்.

அந்தப் பெரியவரு என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. கண்ணு கலங்கிருச்சு அவருக்கு. எல்லார்கிட்டயும் என்னமோ சொன்னாரு. கூட்டம் வழி விட்டுது. என்னை முன்னால கூட்டிட்டுப் போயி அந்தப் போட்டோவுக்கு எதிரா நிறுத்தினாரு. வெள்ளை முக்காடு போட்ட ஒரு பொம்பளை வந்தா. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். என் முன்னால மண்டி போட்டு, நெத்தி தரையில படக் கும்பிட்டு விழுந்துட்டா.

கல்யாணப் பொண்ணு பெரிய மனுசங்க கால்ல விழுகறதுதான? கொஞ்சம் வயசான பொண்ணா இருக்குதேன்னு மட்டும் நினைச்சேன். பூங்கொடி என் சட்டைப் பையில சிவன்மலைத் திருநீறு மடிச்சு வெச்சிருந்தா. அதை எடுத்து அந்தம்மா நெத்தியில வெச்சேன். தலையில ரெண்டு கையும் வெச்சு, வாய் நிறைய, சத்தமாச் சொன்னேன்.

'தீர்க்க சுமங்கலியா இரும்மா.'

டீ வந்துருச்சு பாருங்க. குடிங்க. ஆறிப்போயிரும்.

குடிங்க தம்பி.

அப்பத்தானுங்க லில்லி ஓடி வந்துச்சு. லாட்ஜுல என்னைக் காணம்னு தேடிட்டு வந்திருக்குது. தோள்ல துண்டோட, அந்தம்மா தலையில கை வெச்சுட்டு நிக்கற என்னைப் பாத்ததும் அந்தப் புள்ளை வாயைப் பொத்திக்கிச்சு. பந்தலுக்கு வெளிய இழுத்துட்டுப் போச்சு. சொல்லுச்சு. மெங் போயிட்டாரு. மூணு நாளைக்கு முந்தி, மத்தியானம் ரெண்டு மணிக்கு. எலாஸ்டிக் நாடா கையில சுத்திருச்சாம். உருளை இழுத்துருச்சு. கவர் இல்ல, அதனால நிக்கல. நிறுத்தற சுவிட்சு வலது கைப் பக்கம், அந்தக் கைதான் உள்ள மாட்டியிருக்குது. நான் அப்பத் தூங்கிட்டிருந்தேன். போட்டோவுல இருந்தது மெங்குதான், கல்யாணத்தப்ப எடுத்தது. மாஸ்க் இல்லாம நான் அந்த ஆளைப் பாத்ததே ஒரே ஒரு சிரிப்பு, அதுவும் தொப்பியோட. எப்படி அடையாளம் தெரியும்?

பொக்குனு போச்சுங்க. கையெல்லாம் திருநீறு. அதைத் தொடைக்கவும் தோணல, வெச்சுக்கவும் முடியல. லில்லிகிட்டக் கேட்டேன், ஏம்மா மொதல்லயே சொல்லலைன்னு. 'முதலாளி சொல்லக்கூடாதுன்னாரு. உங்களுக்கு மனசு சங்கடப்படும், ஆர்டரு போயிரும்'னுச்சு. எனக்கு அந்தப் புள்ளை மேலதான் கோவம். இன்னைக்கும் கோவந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ரூம்லயே இருந்திருப்பனே. அந்தப் பாட்டையெல்லாம் ரசிச்சுக் கேட்டிருக்க மாட்டனே. அந்தப் பொம்பளைக்கு அந்த வாழ்த்தைச் சொல்லியிருக்க மாட்டனே.

இருங்க, இன்னும் முடியல. அந்தம்மா எங்களைத் தேடிட்டு பந்தலுக்கு வெளிய வந்துச்சு. நெத்தியில நான் வெச்ச திருநீறு அப்படியே இருக்குது. லில்லிகிட்ட என்னமோ கேட்டுது. லில்லி தலையைக் குனிஞ்சுக்கிட்டே எனக்குச் சொல்லுச்சு. 'இவர் என் புருசனுக்குச் சிநேகிதர்னு தெரியுது. புருசன் சொன்னாரு, வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் என் பாட்டுக்குத் தாளம் போட்டார்னு. மூணு நாளா வந்து உக்காந்திருக்கறார். என் தலையில கை வெச்சு என் புருசனைப் பத்தி என்னமோ சொன்னார். அது என்னன்னு கேட்டுச் சொல்லு'ன்னு கேக்குதாம்.

நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க?

'மெங் நல்லாப் பாடுவாருன்னு சொன்னேன்னு சொல்லும்மா'ன்னேன். லில்லி என்னை ஒரு பார்வை பாத்துது. அதுக்கு எல்லாம் தெரியும். கவரைக் கழட்டச் சொன்ன அந்த ஒரு வார்த்தையை முதலாளிகிட்டக் கொண்டு போயிச் சொன்னதே அதுதான. ஆனா அதை அந்தம்மாகிட்டச் சொல்லல. நான் சொன்னதை மட்டும் சொல்லுச்சு. அந்தம்மா அதுவரைக்கும் அழுகவே இல்லீங்க. மைக்ல அழுதது கூலிக்கு வந்தவ. இதைக் கேட்டதும் அப்படியே மண்ணுல உக்காந்து அழுதுச்சு. அப்பறம் இடுப்புத் துணியில இருந்து இந்தப் பொட்டியை எடுத்து என் கையில வெச்சுது. வேண்டாம்னு சொல்ல எனக்கு மொழி தெரியாது. வாங்கிக்கிட்டேன்.

அதாங்க இந்தப் பாட்டு. லில்லிகிட்ட ஏர்போர்ட்ல வெச்சு அர்த்தம் கேட்டேன். பொம்பளை ஒருத்தி வெளியூரு போன புருசனுக்குக் காத்திருக்கறாளாம். வருவானான்னு கேட்டேன். தெரியாது, பாட்டு அங்கயே முடிஞ்சுரும்னு சொல்லுச்சு.

யோசிச்சுப் பாத்தா மெங் மேலயும் கொஞ்சம் தப்பு இருக்குதுங்க. பாட்டுக் கேட்டுட்டே வேலை செஞ்சா கவனம் செதறத்தான செய்யும்? முதலாளியும் நான் சொன்னா உடனே செஞ்சுரோணுமா? முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே. நான் என்ன அங்க அவருக்கு மாமனா மச்சானா, கோவிச்சுக்க? எத்தனையோ வாட்டி நினைச்சுப் பாத்துட்டேன். நான் சொன்னது ஒரே ஒரு வார்த்தை.

மிஷினா? அதே மிஷின்தானுங்க. வேற பண்ணித் தர்றேன், மூணு மாசம் ஆகும்னாங்க. மூணு மாசம் மில்லை நிறுத்த முடியுமா? கழுவி, புதுசாப் பெயிண்ட் அடிச்சு அனுப்பினாங்க. பூங்கொடி பூசணிக்காய் சுத்தி உடைச்சா. எலுமிச்சங்காய் வெச்சா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது.

வாங்க, பேசிட்டே நடப்போம். பாத்து வாங்க, பஞ்சு மூட்டை. இதுதான். எப்படி இருக்குது? பச்சைப் பெயிண்டு நான் சொன்னதுதான். அங்க செவுத்தோரமாக் கிடக்குதே, நம்மாளுக கேரியரை வெச்சுச் சாப்புடறாங்களே, அதுதானுங்க கவரு. நல்ல கனமான தகடு, ஆறு பேரு உக்காந்து திங்கலாம். சென்சாருக்கு ஒரு காந்தத்தை ஒட்டி விட்டிருக்கறம். அது பாட்டுக்குக் கவரு மூடியிருக்குதுன்னு நினைச்சு ஓடிட்டிருக்கும்.

முன்னால இருந்த ஆளா? சொல்றேன்னேன்ல. ரெண்டு விரலு போயிருச்சுங்க. மோதிர விரலும் சுண்டு விரலும். ஆஸ்பத்திரிக்கு நானேதான் காருல கூட்டிட்டுப் போனேன். கவனமில்லாத ஆளு, போன் பேசிட்டே வேலை செஞ்சான். நீங்க அப்படி இல்லைன்னு பாத்தாலே தெரியுது. பத்து வருசம் தறி ஓட்டின கை. எங்க, காட்டுங்க? பாருங்க, பத்து விரலும் பத்திரமா இருக்குது. உங்களை மாதிரி ஆளைத்தான் தேடிட்டிருந்தேன்.

என்ன யோசிக்கறீங்க? பொண்ணுங்களுக்குப் பள்ளிக்கூடம் எப்பத் திறக்குதுன்னு சொன்னீங்க, அடுத்த வாரமா? அப்பறம் என்னத்தை யோசிக்கறது. இன்னைக்கே நாள் நல்லா இருக்குது.

அட, மிஷினைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கறீங்களே. தொழில் பக்தி இருக்குது உங்களுக்கு. இதெல்லாம் இப்ப எவன் பண்றான்? இருங்க, பையில திருநீறு இருக்குது, சிவன்மலை. குனிங்க. இன்னும் கொஞ்சம்.

நல்லா இருங்க தம்பி. தீர்க்காயுசா இருங்க.

சுவிட்சு வலது கைப் பக்கம். போடுங்க. நான் போயிப் பாட்டு வெக்கறேன்.